ராமானுஜனின் சிலேட்டும் நாமகிரித் தாயாரும்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "எனக்குக் கணக்கு வராது மாமா. அதெல்லாம் உள்ளே இருந்து தானா வரணுமாம். எனக்கு அப்படி எதுவும் வர்றதில்ல" என்றாள்.

யார் சொன்னது என்று துருவியபோது விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் 'ஆழ்மன ஆற்றல்' பற்றிப் பேச ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரப் பேச்சு. அதில் முக்கால் மணி நேரம் ஸ்ரீனிவாச ராமானுஜன். முறையாக எதையும் படிக்காதவர், தூக்கத்தில் நாமகிரித் தாயார் வந்து நாக்கில் சூத்திரங்களை எழுதிவிட்டுப் போனாள், காலையில் எழுந்து அப்படியே எழுதி வைத்தார், எழுதியதெல்லாம் சரியாக இருந்தது, கேம்பிரிட்ஜே வாயைப் பிளந்தது. ஆழ்மனக் கதவைத் திறந்தால் உங்களுக்கும் வரும். கதவைத் திறப்பதற்கான வகுப்புக்குக் கட்டணம் தனி.

ராமானுஜன் பெயரைச் சொல்லி ஒரு பெண்பிள்ளையைக் கணக்கைவிட்டு விரட்ட முடியும் என்று நான் நினைத்ததில்லை. அன்று இரவே பழைய குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் கதையை நாம் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கிறோம். நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கதையில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன: அவர் எதையும் கற்கவில்லை, எல்லாம் ஒரு நொடியில் வந்தது, வந்ததெல்லாம் சரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவர் எதையும் கற்கவில்லையா?

கல்லூரிப் பட்டம் இல்லை என்பது உண்மை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. ஆனால் பட்டம் இல்லை என்பதும் படிப்பு இல்லை என்பதும் ஒன்றா?

பள்ளி நாட்களிலேயே லோனியின் திரிகோணமிதி நூலைக் கரைத்துக் குடித்தவர் அவர். 1903 வாக்கில், பதினாறு வயதையொட்டி, ஜி.எஸ். கார் தொகுத்த ஒரு பெரிய கணித நூல் கையில் கிடைக்கிறது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளின் பட்டியல் அது. நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்பு, பல இடங்களில் அதுவும் கிடையாது. வேறொரு மாணவனுக்கு அது தூக்க மாத்திரை. இவர் ஒவ்வொரு முடிவையும் தானே வருவித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. நடுவில் பத்து வருஷம். வேலையில்லாத வருஷங்கள், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்த மாதங்கள், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகான இரவுகள். இந்தப் பத்து வருஷமும் அவர் செய்தது ஒரே வேலை. கணக்கு.

அதற்குச் சாட்சி எங்கே என்றால், சாட்சியை அவரே அழித்துவிட்டார். காகிதம் வாங்கக் காசில்லை. எனவே வழிமுறை எல்லாம் சிலேட்டில். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, சிலேட்டை முழங்கையால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். துணி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை கிடையாது. துடைத்துத் துடைத்து அந்த முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்ததை அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகங்களில் இருக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிரூபித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டவர் புரூஸ் பெர்ன்ட். அவரும் இதைத்தான் சொல்கிறார்: ராமானுஜனிடம் ஏதோ ஒரு வகை நிரூபணம் இருந்தது, சிலேட்டோடு போய்விட்டது. கார் புத்தகம் முடிவுகளை மட்டும் அடுக்கிய மாதிரியே இவரும் அடுக்கினார். அதுதான் அவருக்குத் தெரிந்த கணித நூலின் வடிவம்.

ஆக, நோட்டைத் திறப்பவருக்கு விடைகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. வழி தெரியவில்லை. வழி தெரியாததால் வழியே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

எல்லாம் ஒரு நொடியில் வந்ததா?

எல்லோருக்கும் தெரிந்த 1729-ஐ எடுத்துக்கொள்வோம். ஹார்டி டாக்ஸியில் மருத்துவமனைக்கு வருகிறார், வண்டி எண் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்கிறார். படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் உடனே பதில் சொல்கிறார்: இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும்.

உடனே சொன்னார், சரி. ஆனால் அன்றுதான் கண்டுபிடித்தாரா? இல்லை. இந்தச் சமன்பாடு அவருடைய நோட்டில் பல வருஷம் முன்பே இருக்கிறது. இரண்டு கனங்களைக் கூட்டினால் ஒரு கனத்தைவிட ஒன்று கூடவோ குறையவோ வரும் எண்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். 6, 8-இன் கனங்களைக் கூட்டினால் 9-இன் கனத்துக்கு ஒன்று குறைவு. 135, 138-இன் கனங்களைக் கூட்டினால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறைவு. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 1729 அந்தக் குடும்பத்தில் ஒருவன். தெருவில் போகும் சொந்தக்காரனை அடையாளம் காண ஒரு நொடி போதும். அவனைச் சொந்தக்காரனாக அறிந்துகொள்ள எத்தனை வருஷம் ஆனது என்பதுதான் கேள்வி.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிடப் பிடித்தது. கேம்பிரிட்ஜில் கூடப் படித்த மஹலனோபிஸ், பிற்பாடு இந்தியப் புள்ளியியலின் பெரிய ஆள், நினைவுகூர்ந்தது. ஒரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். மஹலனோபிஸ் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டுகிறார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அந்த வீடு எது?

288 வீடுகள், 204-ஆம் வீடு என்பது விடை. மஹலனோபிஸ் முட்டி மோதிக் கண்டுபிடித்துவிட்டார். ராமானுஜனோ கிளறிக்கொண்டே, எழுதிக்கோ என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொல்கிறார். அது இந்த ஒரு தெருவுக்கு மட்டுமான விடை இல்லை. 8 வீடுகளில் 6-ஆவது, 49 வீடுகளில் 35-ஆவது, 288-இல் 204-ஆவது என்று எல்லா விடைகளும் அதற்குள் வரிசையாக வருகின்றன.

எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: கேள்வியைக் கேட்டதுமே விடை ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது.

இதைத்தான் நாம் மர்மம் என்கிறோம். ஆனால் அவர் சொன்னதைக் கவனியுங்கள். இரண்டு படி இருக்கிறது. முதலில் இது எந்த வகை என்ற அடையாளம், பிறகு அந்த வகைக்குள் தேடல். ஹார்டிக்குப் போன கடிதத்தில் அவரை அசரவைத்தவற்றில் முக்கியமானவை இந்தத் தொடர் பின்னங்கள்தாம். அது ராமானுஜன் வருஷக்கணக்காக உழுத வயல். எந்த மண்ணில் எது விளையும் என்று நெடுநாள் உழுதவருக்குப் பார்த்ததும் தெரியும். ஊரில் ஒரு பெரியவர் மண்ணை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்து, இங்கே கடலை போடாதே என்கிறார். அவரை நாம் சித்தர் என்று சொல்வதில்லை.

கனவு?

சரி, நாமகிரி? அது கட்டுக்கதையா? இல்லை. கவனமாகப் பேச வேண்டிய இடம் இது.

நாமகிரித் தாயார் அவர்கள் குலதெய்வம். ராமானுஜனின் பக்தி உண்மையானது. 1927-இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பு வெளியானபோது, அதன் முன்னால் சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதினார்கள். இருவரும் அவரை நேரில் அறிந்தவர்கள். ஒருவர் கல்லூரியில் ஆசிரியர், மற்றவர் மேலே சொன்ன நெல்லூர் கலெக்டர். நாமக்கல் தேவி கனவில் சூத்திரங்களைத் தருகிறாள் என்று ராமானுஜன் சொல்லிவந்ததை அவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் அதைத் தொடர்ந்து என்ன இருக்கிறது? எழுந்ததும் அவர் முடிவுகளைக் குறித்துக்கொள்வார், வேகமாகச் சரிபார்ப்பார், ஆனால் கறாரான நிரூபணத்தை எப்போதும் தர முடிந்ததில்லை என்று இருக்கிறது. சரிபார்ப்பார்! கனவில் தாயாரே தந்திருந்தாலும் காலையில் எழுந்து சரிபார்த்தார். அந்தப் பக்தர் செய்ததை அவர் பெயரால் வகுப்பு நடத்துகிறவர்கள் செய்வதில்லை. மேற்கோளில் பாதியை வெட்டிவிட்டு மீதியை விற்கிறார்கள்.

2015-இல் வந்த ஆங்கிலப் படமும் தாயார் நாக்கில் சூத்திரத்தை வைப்பதாக ராமானுஜன் ஹார்டியிடம் சொல்லும் காட்சியை உணர்ச்சி பொங்க வைத்திருக்கிறது. நல்ல காட்சி. ஆனால் ஹார்டி தன் 1936 சொற்பொழிவில் சொன்னது நேர் எதிர்: கிழக்கின் மர்ம ஞானம் என்ற பேச்சே தனக்கு ஒவ்வாது, கணிதம் செய்பவர்கள் எல்லோரும் அடிப்படையில் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள், ராமானுஜனும் விலக்கில்லை. ஹார்டி நாத்திகர், அவருக்கும் ஒரு சாய்வு உண்டு. அதனால் அவர் சொன்னதே முடிந்த முடிவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தன் பக்தியை அந்த நாத்திக நண்பரிடம் ராமானுஜன் விரித்துப் பேசாமலும் இருந்திருக்கலாம்.

கனவில் விடை கிடைப்பது ராமானுஜனுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரே, பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு விஷயம், வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் தெளிவானதாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்த மாதிரிப் பளிச்சிடல் முன்னால் கடும் உழைப்பு இல்லாமல் வருவதில்லை, வந்த பிறகும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். கும்பகோணத்துப் பக்தரும் பாரிஸ்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

வந்ததெல்லாம் சரியா?

இந்தப் பகுதியைத்தான் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. எனக்கோ இதுதான் முழுக் கதையின் உயிர்.

ஹார்டிக்கு எழுதியபோது ராமானுஜன் பெருமையாகச் சொன்னவற்றில் ஒன்று பகா எண்களின் எண்ணிக்கைக்கான சூத்திரம். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்று எண்ணாமலே சொல்லிவிடலாம், பிழை பொருட்படுத்த வேண்டாத அளவுதான் என்று நம்பினார். அவர் வந்து சேர்ந்த சூத்திரம் ரீமான் 1859-இல் எழுதியதோடு ஒத்துப்போவது. தனியாக அங்கே போய்ச் சேர்ந்ததே ஆச்சரியம். 10 இலட்சத்துக்குள் உண்மையில் 78,498 பகா எண்கள். அந்தச் சூத்திரம் தருவது ஏறக்குறைய 78,527. வித்தியாசம் 29தான். கையால் கணக்குப் போடும் ஒருவருக்கு இது தெய்வ வாக்கு மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியம் அதில் இல்லை. பகா எண்களின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது ரீமான் சார்பு கலப்பெண் தளத்தில் எங்கெல்லாம் பூஜ்ஜியமாகிறது என்பது. அந்தக் கணிதத்தை ராமானுஜன் கற்கவே இல்லை. யாரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை, கையில் இருந்த புத்தகங்களிலும் அது இல்லை. தெரியாத இடத்தில் உள்ளுணர்வு கோட்டை விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்தில், 1914-இல், ஹார்டியின் தோழர் லிட்டில்வுட் ஒன்றை நிரூபித்தார். பகா எண்களுக்கு காஸ் காலத்திலிருந்து வரும் ஒரு மதிப்பீடு உண்டு. எண்ணிப் பார்த்த இடத்தில் எல்லாம் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். இல்லை, எங்கோ ஓரிடத்தில் அது தலைகீழாகும், அப்படி முடிவில்லாத முறை மாறும் என்று நிரூபித்துவிட்டார். முதன்முறை மாறும் இடம் எது என்று இன்றும் சரியாகத் தெரியாது. 1-க்குப் பின்னால் 300-க்கும் மேல் பூஜ்ஜியங்கள் போட்டு எழுதும் எண்களின் அருகில் மாறுவது மட்டும் தெரியும். பிரபஞ்சம் முழுக்கச் சிலேட்டாக இருந்தாலும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடம். கோடிக்கணக்கான உதாரணங்கள் சொன்ன சாட்சி பொய்த்துப் போனது.

இதனால் ராமானுஜன் சிறியவராகிவிட்டாரா? ஹார்டிக்கு இந்தத் தோல்வி அவருடைய வெற்றிகளைவிட வியப்பாகப் பட்டது. எனக்கு இதில் கிடைப்பது வேறு ஒரு பாடம். உள்ளுணர்வுக்குள் இருந்துகொண்டு பார்த்தால் சரியான உள்ளுணர்வும் தவறான உள்ளுணர்வும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதே வெளிச்சம், அதே நிச்சயம். தொடர் பின்னம் சரியென்று பட்ட அதே மனசுக்குத்தான் பகா எண் சூத்திரமும் சரியென்று பட்டது.

மனிதர்களின் உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் நேர் எதிர் முகாம்களில் இருந்த டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிபந்தனை சொன்னார்கள். அந்தத் துறையில் கண்டறியக்கூடிய ஒழுங்கு இருக்க வேண்டும். அதை நீண்ட நாள் பழகி, தவறு எது சரி எது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது ஓர் அளவுகோலே இல்லை. ராமானுஜன் வாழ்க்கை இதற்கு எழுதி வைத்த உரை மாதிரி இருக்கிறது.

அப்போது மர்மமே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நானும் பாதியை வெட்டியவனாவேன்.

ஓர் எண்ணைக் கூட்டல்களாக எத்தனை விதத்தில் பிரிக்கலாம்? 4-ஐ ஐந்து விதமாக: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் வளர வளர இது பேயாட்டம் ஆடும். 200-ஐப் பிரிக்கும் விதங்கள் 39,72,99,90,29,388 என்று எழுதினால் கண் சுற்றும். கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. இதற்கு ராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதைப் பற்றி லிட்டில்வுட் பிற்பாடு எழுதியபோது ஒன்றைச் சொன்னார்: வெறும் தோராயம் போதாது, இன்னும் மிகத் துல்லியமான ஒன்று இருந்தே தீரும் என்று விடாமல் சொன்னவர் ராமானுஜன். ஏன் அவ்வளவு நிச்சயமாக இருந்தார் என்பதற்கு லிட்டில்வுட்டிடமே விளக்கம் இல்லை. 1937-இல் ராடமாக்கர் முழுத் துல்லியமான சூத்திரத்தைக் கண்டார். ராமானுஜன் அப்போது இறந்து பதினேழு வருஷம்.

இங்கே நான் வாயை மூடிக்கொள்கிறேன். உழைப்பு, பழக்கம், அடையாளம் காணுதல் என்று எவ்வளவு சொன்னாலும் மிச்சம் ஒன்று நிற்கிறது. அதை நாமகிரி என்று அவர் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மிச்சத்தைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மறைப்பதுதான் தப்பு. முழங்கையால் சிலேட்டைத் துடைத்தவர் ராமானுஜன். அவர் உழைத்ததையே சேர்த்துத் துடைக்கிறவர்கள் நாம்.

இந்தத் துடைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. 'தானாக வரும்' என்று சொல்லப்பட்ட குழந்தை, தானாக வராதபோது தன்னிடம் ஏதோ இல்லை என்று முடிவு செய்துவிடும். தடுமாறுவதும் அழித்து எழுதுவதும்தான் கணக்கு என்று அதற்குத் தெரியாது.

மறுநாள் அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மெக்மஹன் என்பவர் 1 முதல் 200 வரை இந்தப் பிரிவினை எண்களைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார், அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ராமானுஜனுக்கு ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது, பிறகு நிரூபித்தார் என்று மட்டும் சொன்னேன். என்ன ஒழுங்கு என்றாள். நீயே பார் என்று 4, 9, 14, 19 நான்கையும் எழுதிக் கொடுத்து, 4-க்கு மட்டும் விடையை எழுதினேன்.

9-ஐப் பிரித்து எழுத உட்கார்ந்தாள். முதலில் 28 வந்தது. விட்டது எது என்று தேடி 29. பிறகு 30. நடுவில் இரண்டு பக்கம் கிழித்துப் போட்டாள். 14-க்கும் 19-க்கும் விடையை நான் சொன்னேன்: 135, 490. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, எல்லாமே அஞ்சால வகுபடுது."

"ஆமா."

"அடுத்தது 24. அதுவும் வகுபடுமா?"

"உனக்கு என்ன தோணுது?"

"வகுபடும்னு தோணுது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா தோணுறது போதாதுல்ல?" என்றாள்.